பிளாவை மறந்த பண்பாட்டு விழாக்கள்

புலம்பெயர் நாடுகளின் நூலகங்களிலும் பூங்காக்களிலும் நடைபெறும் சுற்றுச்சூழல் சந்தைகளுக்குத் தமிழ்ப் பெற்றோர் தம் பிள்ளைகளை அழைத்துச் செல்கின்றனர். பழந்துணியில் பை தைக்கவும், கழிவுத்தாளில் கூடை பின்னவும் பிள்ளைகள் அங்கே பழகுகின்றனர். நன்று. ஆனால், சூழல் பேணல் என்பது புகலிட நாடு கற்றுத்தந்த புதுப்பாடம் என்று அப்பிள்ளைகள் எண்ணுவார்களாயின், அந்தப் பிழை யாருடையது?

யாழ்ப்பாணத்தில் ஒடியற்கூழ் பனையோலைப் பிளாவில் அருந்தப்பட்டது. பிட்டு நீத்துப்பெட்டியில் அவிந்தது. அரிசி சுளகில் புடைக்கப்பட்டது. பயன் முடிந்ததும் அவை மண்ணோடு மண்ணாயின. புலம்பெயர் தமிழர் விழாக்களிலோ ‘பாரம்பரியக் கூழ்’ பிளாஸ்டிக் கிண்ணத்தில் வழங்கப்பட்டு, குப்பை மூட்டையாக வெளியேறுகின்றது! ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் தட்டுகளையும் கரண்டிகளையும் விற்பனைக்கு விட ஐரோப்பிய ஒன்றியம் 2021 யூலையில் தடைவிதித்தது. சட்டத்துக்கு அஞ்சித் தட்டை மாற்றுவது மட்டும் பண்பாடு ஆகிவிடாது.

ஓலை பின்னத் தெரிந்த அம்மம்மாக்களும் அப்பம்மாக்களும் இன்னும் பல வீடுகளில் வாழ்கின்றனர். அவர்களுக்குப் பொன்னாடை போர்த்தி முன்வரிசையில் அமர்த்துவதோடு கடமை முடிந்துவிடுகின்றதா? அவர்கள் முன் ஒரு மேசையை இட்டு, பிள்ளைகளைச் சுற்றி அமர்த்துக. ஓலை கிடைக்காவிடின் தாள்பட்டையிலும் பின்னலின் கணக்கைக் கற்பிக்கலாம். பேச்சாளர் இருவரைக் குறைத்தால் நேரமும் கிடைக்கும். அவ்வாறு பயின்ற பிள்ளைகள் ஊர்ச் சந்தையில் தாமே ஒரு மேசை இட்டு, பிற இனப் பிள்ளைகளுக்கும் கற்பிக்கலாம்.

முதியோரின் விரல்கள் ஓய்ந்த பின்னர் இக்கலையைக் கற்பிக்க எவரும் இரார். வரும் தைப்பொங்கல் விழாவிலேயே விழாக்குழுக்கள் இதனைத் தொடங்க வேண்டும்.