குடும்பக் கணக்கு: கடலைப் பார்த்த வீடு

சகோதரிகளே, பாப்பாவின் சளி, பள்ளிக்கூட டிபன், மாதாந்திர பட்ஜெட் எல்லாவற்றையும் இந்த இதழில் கொஞ்சம் ஓரமாக வைத்துவிடுவோம். "வயதான அம்மாவை முதியோர் குடியிருப்பில் சேர்க்கலாமா? ஊர் என்ன சொல்லும்?" என்று உங்களில் பல பேர் எழுதிக் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். நானும் பதில் எழுதாமல் நழுவிக்கொண்டே இருந்தேன். ஏன் தெரியுமா? அதே கேள்வி என் வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தது! இப்போது ஒரு முடிவுக்கு வந்துவிட்டோம். நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

அம்மாவுக்கு வயது 74. அப்பா போனபிறகு நாலு வருஷமாகக் கும்பகோணத்து வீட்டில் தனியாக இருந்தாள். போன ஆடி மாதம் ஒரு ராத்திரி பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டாள். நல்ல வேளை, எலும்பு முறியவில்லை. ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. விடியற்காலையில் பால் ஊற்றுகிற பெண் வந்து குரல் கேட்டு, பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கதவைத் திறக்கும்வரை ஐந்து மணி நேரம் ஈரத்தரையிலேயே கிடந்திருக்கிறாள். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

அண்ணன் அமெரிக்காவில் இருக்கிறான். நான் குரோம்பேட்டையில். இரண்டு அறை வீடு, மாமியார், பத்தாவது படிக்கிற பெண், அவளுக்கு இளையவன் ஒருவன். "எங்க வீட்டுக்கு வந்துடும்மா" என்று எத்தனையோ முறை கூப்பிட்டுவிட்டேன். "மாப்பிள்ளை வீட்ல பத்து நாள் இருந்தா மரியாதை. நிரந்தரமா வந்து உட்கார்ந்தா அவங்களுக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம்" என்று ஒரே பிடிவாதம்.

அப்போதுதான் அண்ணன் ஒரு புத்தகம் அனுப்பினான். கிழக்குக் கடற்கரைச் சாலையில், கடலை ஒட்டினாற்போல், பெரியவர்களுக்கென்றே கட்டிய குடியிருப்பு. நீச்சல் குளம், நூலகம், பிரார்த்தனை அறை, ஒவ்வொரு பால்கனியிலும் நீலக் கடல்! "பணத்தைப் பத்தி யோசிக்காதே. ஆறாவது மாடியில கடல் பார்த்த வீடா வாங்கிடலாம். கும்பகோணத்து வீட்டை வித்துடலாம்" என்றான். எனக்கு மனசு ஒப்பவில்லை. பெற்ற பெண் நான் உள்ளூரில் இருக்கும்போது அம்மாவை இப்படிக் கொண்டுபோய் விடுவதா? அம்மாதான் சொன்னாள்: "முதல்ல போய்ப் பார்ப்போம்டி. பார்க்கறதுக்குக் காசா பணமா?"

காசுதான்! பதினைந்து நாள் விருந்தினர் அறையில் தங்கிப் பார்க்கலாம், அதற்கு ஒரு கட்டணம் என்றார்கள். கொடுத்தோம். நான் கொடுத்த பணத்திலேயே உருப்படியான செலவு அதுதான். தை, மாசியில் போயிருந்தால் நல்லதை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருப்போம். நாங்கள் போனது நவம்பரில், அடைமழையில்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பாத்ரூமில் வழுக்காத தரை, பிடித்துக்கொள்ளக் கம்பி, எந்த வாசலிலும் படி கிடையாது. கட்டில் பக்கத்தில் ஒரு மணி, கழிவறையில் கைக்கெட்டும் உயரத்தில் ஒரு மணி. ராத்திரி இரண்டு மணிக்கு வேண்டுமென்றே அழுத்திப் பார்த்தேன். மூன்று நிமிஷத்தில் நர்ஸ் வந்து நின்றாள். மன்னிப்புக் கேட்டேன். "நிறையப் பேர் இப்படித்தான் சோதிப்பாங்க மேடம்" என்று சிரித்தாள்.

அடுத்தது சாப்பாடு. தனியாக இருக்கிற பெண்கள் தங்களுக்கென்று சமைப்பதே இல்லை, கவனித்திருக்கிறீர்களா? அம்மா ராத்திரியில் ஒரு டம்ளர் மோரும் இரண்டு பிஸ்கட்டுமாக ஓட்டியிருக்கிறாள். வயதான காலத்தில் பருப்பு, பால், முட்டை போன்ற புரதச் சத்து குறைந்தால் தசை வற்றும். தசை வற்றினால் கால் தள்ளாடும். கால் தள்ளாடினால் விழத்தான் செய்வார்கள். அங்கே வேளாவேளைக்கு எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிட்டாள். பத்தே நாளில் முகம் தெளிந்துவிட்டது. பேச்சுத் துணை வேறு! எதிர் அறையில் ஓய்வுபெற்ற தபால்காரர் மனைவி, அடுத்த அறையில் தலைமை ஆசிரியையாக இருந்தவர். கேரம் போர்டில் அம்மா கள்ளாட்டம் ஆடுவாள் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

கடற்காற்றும் நிஜம்தான். கோடையில் ஊரெல்லாம் வெந்துகொண்டிருக்கும்போது மத்தியானவாக்கில் கிளம்புகிற கடற்காற்று முதலில் தொடுவது கரையோரத்தைத்தானே!

இனி அந்தப் புத்தகத்தில் போடாத சமாசாரங்கள்.

கடற்காற்றில் உப்பும் ஈரமும் சேர்ந்தே வரும். ஜன்னல் கீல், கேட், ஏசியின் வெளிப்பெட்டி, காஸ் அடுப்பு எல்லாம் சீக்கிரமே துருப்பிடிக்கின்றன. அலமாரியில் வைத்த பட்டுப்புடவையில் பூஞ்சை வாடை. ஆஸ்துமா இருப்பவர்களுக்கு இந்தப் பூஞ்சை ஆகவே ஆகாது. ஆறாவது மாடி மாதிரி வீட்டை மழைநாளில் திறந்து காட்டச் சொன்னேன். கடல் பக்க ஜன்னல் வழியே தண்ணீர் கசிந்து தரையில் நின்றது. வழுக்கி விழாமலிருக்க இடம் தேடி வந்தவர்களுக்கு ஈரத்தரை!

சாப்பாட்டுக் கூடம் பின்பக்கக் கட்டடத்தில். கடல் பார்த்த கட்டடத்திலிருந்து அங்கே போகத் திறந்த வெளியில் நடக்கவேண்டும். மழையென்றால் அறைக்கே கொண்டுவந்து தருவார்கள். அதற்குத் தனிக் கட்டணம். "அறையிலேயே தட்டை வாங்கி வெச்சுக்கிட்டா அப்புறம் கும்பகோணத்துக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?" என்றாள் அம்மா. என்ன நியாயமான கேள்வி!

கடல் என்றால் கடல்தான், அதற்குச் செல்லம் கொடுக்க முடியாது. 2004 டிசம்பர் 26 சுனாமியை நாம் மறக்கவில்லை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னை அருகே கரை கடந்தபோது மரங்கள் சாய்ந்து பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அதனால் கேட்டேன்: ஜெனரேட்டருக்கு எத்தனை நாள் டீசல் இருக்கும்? லிஃப்டும் அதில் ஓடுமா? வெளியேறச் சொன்னால் நடக்க முடியாதவர்களை யார் தூக்குவார்கள்? இப்படிப்பட்ட கேள்விகளுக்குக் கூச்சப்படாதீர்கள்.

ஆஸ்பத்திரி விஷயம் இன்னும் முக்கியம். வாய் கோணுவது, ஒரு கை துவண்டு விழுவது, பேச்சு குழறுவது இவையெல்லாம் பக்கவாதத்தின் அறிகுறிகள். மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்; அதற்கு முன்னால் ஸ்கேனும் எடுக்கவேண்டும். மாரடைப்பில் ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு. நானும் என் கணவரும் அந்தக் குடியிருப்பிலிருந்து பெரிய ஆஸ்பத்திரி வரை இரண்டு தடவை காரில் போய்ப் பார்த்தோம். விடியற்காலையில் 25 நிமிஷம். சனிக்கிழமை சாயங்காலம், ஊரே கடற்கரைக்குக் கிளம்பி வருகிற நேரத்தில், 55 நிமிஷம். அந்த வளாகத்திலேயே ஆம்புலன்ஸ் நிற்கிறது என்பதால் கொஞ்சம் நிம்மதி.

அப்புறம், பணம். வீட்டு விலையை மட்டும் பார்த்து மயங்காதீர்கள். மாதப் பராமரிப்பும் சாப்பாடும் சேர்ந்து 25,000 ரூபாய் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு 8 சதவீதம் ஏற்றினால் பத்து வருஷத்தில் அது சுமார் 54,000 ஆகும். பதினைந்து வருஷத்தில் 79,000-ஐத் தாண்டும்! அப்பா அரசுப் பள்ளி ஆசிரியர். அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது, அகவிலைப்படியும் ஏறும். ஆனாலும் மீதியை யாராவது போட்டாக வேண்டும். அண்ணன் போடுவான்தான். "அவனுக்கு வேலை ஒரு வருஷம் இல்லேன்னா?" என்று அம்மாவே கேட்டாள்.

வாங்குவதா, டெபாசிட் கட்டுவதா, வாடகைக்கு எடுப்பதா என்பதிலும் வித்தியாசம் உண்டு. வாங்கினால் பத்திரத்தில் பிரிபடாத பாக நிலம் எவ்வளவு என்று பாருங்கள். சில இடங்களில் குறிப்பிட்ட வயதுக்கு மேற்பட்டவர்கள்தான் குடியிருக்கலாம் என்று விதி. பிள்ளைக்குச் சொத்து வரும். ஆனால் அவன் அதில் குடியிருக்க முடியாது. விற்றால் நிர்வாகத்துக்கு ஒரு பங்கு கொடுக்கவேண்டும் என்றும் சில ஒப்பந்தங்களில் இருக்கிறது. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016-லேயே வந்துவிட்டது. புதுக் கட்டடமென்றால் அதன்கீழ் பதிவு எண் கேளுங்கள். 2019-ல் மத்திய வீட்டுவசதி அமைச்சகம் முதியோர் குடியிருப்புகளுக்கென்றே மாதிரி வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது. கட்டுபவர், வாங்குபவர், சேவை நடத்துபவர் மூவரும் சேர்ந்து ஒப்பந்தம் போடவேண்டும் என்கிறது அது. கட்டியவர் வேறு, சாப்பாடு போடுபவர் வேறு என்றால் நாளைக்கு ஒருவரை ஒருவர் கைகாட்டக்கூடாதல்லவா? கடலோரமாக இருப்பதால் கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதியையும் வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

கடைசியாக, கேட்கவே வாய் வராத கேள்வி ஒன்று. பதினாலாவது நாள் மேலாளர் அறையில் அம்மாவே கேட்டுவிட்டாள்: "நான் படுத்துட்டா என்ன பண்ணுவீங்க?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "தனியா ஒரு உதவிப் பெண்ணை நீங்க வெச்சுக்கலாம்மா. செலவு உங்களது. ஞாபக மறதி முற்றிட்டா மட்டும், அதுக்கு இங்கே வசதி இல்லை" என்றார். மறைக்காமல் சொன்னாரே, அதற்கு அவரைப் பாராட்டவேண்டும். நீச்சல் குளம், நூலகம், கடல் எல்லாமே நடக்க முடிகிறவரைதான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அன்று ராத்திரி வீட்டில் சாப்பிடும்போது இதைச் சொல்லிக்கொண்டே அழுதுவிட்டேன். மாமியார் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, "நடமாட்டம் இருக்கறவரை அவங்க இஷ்டப்படி இருக்கட்டும். முடியாமப் போனா இங்கே கூட்டிட்டு வந்துடு. கூடத்துல ஒரு கட்டில் போட இடமில்லாமலா போயிடும்?" என்றார். என் கணவரும் தலையாட்டினார். பதினேழு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அவரை நான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று அன்றைக்கு வெட்கப்பட்டேன்.

அந்த வார்த்தை கிடைத்தபிறகு மற்ற முடிவுகள் சுலபமாகிவிட்டன. கும்பகோணத்து வீட்டை விற்கவில்லை. பாதியை வாடகைக்கு விட்டோம். கடலோரத்தில் வீடு வாங்கவும் இல்லை; ஒரு வருஷத்துக்கு வாடகை ஒப்பந்தம். ஆறாவது மாடி கடல் பார்த்த வீடு வேண்டாமென்று அம்மா சொன்னதும் அண்ணனுக்கு வருத்தம். வீடியோ காலில் அவனிடம் சொன்னாள்: "கடலைப் பார்க்க நான் நடந்து போய்க்கறேன்டா. நர்ஸ் பக்கத்துல இருக்கணும், சோறு பக்கத்துல இருக்கணும்." பின்பக்கக் கட்டடத்தில் முதல் மாடி. சாப்பாட்டுக் கூடமும் நர்ஸ் அறையும் அதே கட்டடம். லிஃப்ட் நின்றாலும் சக்கர நாற்காலி இறங்கச் சரிவுப் பாதை இருக்கிறது. கடல் தெரியாது, வாடகையும் குறைவு.

தை பிறந்ததும் அம்மா குடிபோனாள். சாயங்காலம் கைத்தடியோடு தலைமை ஆசிரியை அம்மாள் துணையில் கரை வரை போகிறாள். தளர்ந்த மணலில் கால் புதைந்து தடுமாறும் என்பதால் சிமெண்ட் பாதையோடு நின்றுவிட வேண்டும் என்று நர்ஸ் கண்டிப்பு. ஞாயிறுதோறும் காலை ஏழு மணிக்கே நாங்கள் போய்விடுகிறோம். எல்லாம் சந்தோஷம் என்று சொல்லமாட்டேன். "சாம்பார்ல பெருங்காயமே போட மாட்டேங்கறாங்கடி" என்று குறை. பிப்ரவரியில் பக்கத்து அறைப் பெரியவர் காலமானபோது இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லையாம். வயதானவர்கள் மட்டுமே இருக்கிற இடத்தில் சாவு அடிக்கடி வாசலுக்கு வரும். சின்னக் குழந்தையின் அழுகைச் சத்தம்கூடக் கேட்காத அமைதி சிலருக்கு நிம்மதி, சிலருக்கு வெறுமை. அதனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பிள்ளைகளை அங்கே ஒரு பகல் முழுக்க விட்டுவிட்டு வருகிறேன்.

நீங்கள் போய்ப் பார்ப்பதாக இருந்தால் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்:

• மழைக்காலத்தில் பத்துப் பதினைந்து நாளாவது தங்கிப் பார்த்தபிறகே பணம்.
• ராத்திரியில் மணி அடித்துப் பாருங்கள். ஆஸ்பத்திரிக்கு நெரிசல் நேரத்தில் போய்ப் பாருங்கள்.
• மாதத் தொகை வருஷத்துக்கு எவ்வளவு ஏறும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.
• சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு உப்பும் இனிப்பும் குறைத்துத் தனிச் சமையல் உண்டா?
• படுத்த படுக்கையானால் என்ன ஏற்பாடு? பாதியில் காலி செய்தால் எவ்வளவு திருப்பித் தருவார்கள்?
• பெரியவரின் சம்மதம் இருக்கிறதா? அது இல்லாமல் கடல் இருந்தும் பிரயோஜனமில்லை.

கைக்குழந்தையோடு இதைப் படிக்கிற இளம் தாய்மார்களே, நமக்கு இது தூரத்துச் சமாசாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்கள் அம்மாவிடமும் மாமியாரிடமும், அவர்கள் நன்றாக நடமாடும்போதே, "உங்களுக்கு எப்படி இருந்தா பிடிக்கும்?" என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். நான் அதைக் கேட்டிருந்தால், ஆடி மாதத்தில் அம்மா அந்த ஐந்து மணி நேரம் ஈரத்தரையில் கிடந்திருக்க மாட்டாள்.

உங்கள் வீட்டு அனுபவத்தையும் எழுதுங்கள். அடுத்த இதழில் பார்ப்போம்.