அவையறிந்து இசைத்தல்

வன்னிப் பெருநிலத்தில் இந்நாளில் மணவீடாயினும், பூப்புனித நீராட்டு விழாவாயினும், பிறந்தநாளாயினும், 'டீ.ஜே.' எனப்படும் பாட்டிசைப்போரைக் காண்கிறோம். ஆளுயர ஒலிபெருக்கிகளும் வண்ண விளக்குகளும் அவர் வருகையை அறிவிக்கின்றன. இத்தொழிலில் இறங்க விரும்பும் இளைஞர் நம்மிடம் முதலிற் கேட்பது, "எந்தப் பெட்டி வாங்கலாம்?" என்பதே. "எந்தப் பாட்டைப் போடலாம்?" என்று கேட்போர் மிகச் சிலர். முதல் வினாவுக்கு விடை தேடப் புகுந்தால் கடனும் வட்டியும் வந்து சேர்கின்றன. இரண்டாவதற்குக் காது ஒன்றே போதும்.

இதற்கு இம்மண்ணின் அனுபவமே சான்றாகும். 1990 இல் வந்த பொருளாதாரத் தடையினால் பற்றறிகளும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகள் மின்சாரமின்றி இருண்டிருந்தன. அப்பொழுது துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவிற் பிறந்த மின்சாரத்தில் நம் மக்கள் பாட்டுக் கேட்டனர். அந்த டைனமோ தந்தது 6 வோல்ற்று. ஆற்றலோ 3 வாற்று அளவே. கை ஓயுமட்டுமே பாட்டு ஒலிக்கும். ஆதலால், கை நோவுக்குத் தகுதியான பாட்டையே தேடிக் கேட்டனர். ஓசை சிறிதாயினும் கேட்டவர் நெஞ்சு நிறைந்தது.

கடலுக்கு அப்பாலும் ஒரு சான்றுண்டு. 1952 இல் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கத் தொடங்கிற்று. நிலையம் அருகில்; ஒலியோ தெளிவு. ஆயினும் இந்திய நேயர்கள் தாம் விரும்பிய பாடல்களுக்காகச் சிற்றலையில் ஏறியும் இறங்கியும் வந்த இலங்கை வானொலியை நாடினர். இழந்த நேயரை மீட்பதற்கு 1957 ஒக்டோபர் 3 ஆந் திகதி அங்கே 'விவித பாரதி' என்னும் தனிச் சேவையையே தொடங்க வேண்டியதாயிற்று. தெளிந்த ஒலியைத் தெரிந்தெடுத்த பாட்டு வென்றது என்பதில் ஐயமுண்டோ?

இனி, தெரிந்தெடுப்பது எங்ஙனம்? நம் நாதஸ்வர வித்துவான்களைக் கேட்டாற் சொல்வார்கள். சுவாமி வீதியுலாவுக்கு எழுந்தருளும்போது மல்லாரி. பள்ளியறைக்குச் செல்லும்போது நீலாம்பரி. வாத்தியம் ஒன்றுதான், வேளை மாற, வாசிப்பும் மாறுகிறது. மணவீட்டுக்கும் இம்முறை பொருந்தும். பந்தி நடக்கையில் முதியோர் அறிந்த பழைய பாட்டு, உரையாடலைக் கெடுக்காத அளவில் ஒலிக்கட்டும். மணமக்கள் எழும்போது எழுச்சி பிறக்கட்டும். இளைஞர் ஆடும் வேளை அதன் பின் வரட்டும். பெட்டி பழுதானால் நல்ல பாட்டும் கெடும் என்பது மெய்யே. ஆனால் பொருந்தாத பாட்டைப் புதுப்பெட்டி இன்னும் உரக்கக் காட்டிக்கொடுக்கும்.

இவ்வூர்களில் மேலும் ஒன்றை அறிதல் வேண்டும். மதிலுக்கு அப்பால் முப்பத்தோராம் நாள் கிரியை முடியாத வீடு இருக்கலாம். 2009 ஆம் ஆண்டு மே மாதத்தில் உறவுகளை இழந்தோர் அதே பந்தலில் அமர்ந்திருக்கலாம். ஒருவரை ஆடவைக்கும் பாட்டு மற்றவருக்குப் பழைய புண்ணைக் கீறுவதாகலாம். இதனை எந்தக் கருவியும் உணர்த்தாது. சொல்லுவோர்க்கென வள்ளுவர் 'அவையறிதல்' என ஓர் அதிகாரமே வகுத்தார். பாட்டிசைப்போர்க்கும் அது வேண்டுவதே.

ஆதலின், இளைஞர்களே, கடன்பத்திரத்திற் கையொப்பமிடுமுன் ஆறு மாதம் பாட்டுக் கேளுங்கள். பெட்டியை வாடகைக்கு எடுத்துத் தொடங்குங்கள். ஒவ்வொரு விழாவிலும் எப்பாட்டுக்கு யார் எழுந்து ஆடினார், எப்பாட்டுக்கு யார் எழுந்து அகன்றார் எனக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். அக்குறிப்பேடு நிறைந்த பிறகு, எந்தப் பெட்டி வேண்டும் என்பது உங்களுக்கே விளங்கும்.