‘முதல்ல உள்ளே போ’ என்ற பொய்

வளைகுடா வேலைக்குக் கிளம்பும் டிப்ளமோ பையனுக்கு ஊரே சேர்ந்து ஒரே அறிவுரையைத்தான் சொல்கிறது. “விசாவுல என்ன எழுதியிருந்தா என்னப்பா? முதல்ல உள்ளே போ. போனப்புறம் மாத்திக்கலாம்.” ஏஜென்ட் சொல்கிறார். தாய்மாமா சொல்கிறார். இருபது வருடம் சவூதியின் தம்மாமில் இருந்துவிட்டு வந்த பக்கத்துவீட்டு அண்ணனும் அதையே சொல்கிறார். அண்ணன் பொய் சொல்லவில்லை. அவர் போன காலத்தில் தொழில் பெயரை மாற்றுவது கபீலின், அதாவது ஸ்பான்சரின், மனசையும் கொஞ்சம் பணத்தையும் பொறுத்த விஷயமாக இருந்தது. அந்தக் காலம் முடிந்துவிட்டது. அறிவுரை மட்டும் முடியவில்லை. எலெக்ட்ரிகலோ இன்ஸ்ட்ருமென்டேஷனோ படித்த பிள்ளைகள் அதை நம்பி, லேபர் விசாவில் விமானம் ஏறிக்கொண்டிருக்கிறார்கள்.

லேபர் விசா ஏன் சீக்கிரம் வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. சவூதியில் ஒரு கம்பெனி ஆள் எடுக்க வேண்டுமென்றால், இந்த நாட்டிலிருந்து இந்தத் தொழிலுக்கு இத்தனை பேர் என்று கணக்குப் போட்டுத்தான் அரசு விசா கொடுக்கிறது. கம்பெனிக்குத் தேவை டெக்னீஷியன். கையில் மிச்சமிருப்பது லேபர் விசா. அதிலேயே ஆளை இறக்கிவிடுகிறார்கள். டெக்னீஷியன் என்ற பெயரில் எடுத்தால் சான்றிதழ் முத்திரை, சரிபார்ப்பு, சவூதி பொறியாளர் கவுன்சிலில் பதிவு என்று வேலை நீளும். எலெக்ட்ரீஷியன், வெல்டர், பிளம்பர், ஏசி மெக்கானிக் போன்ற தொழில்களுக்குச் சவூதி அரசு இந்தியாவிலேயே திறன் தேர்வு வைக்கிறது. லேபர் விசாவில் போனால் அந்தத் தேர்வைத் தவிர்த்துவிடலாம் என்பது கணக்கு. “டெஸ்ட் இல்லாம அனுப்புறேன்” என்று ஏஜென்ட் பெருமையாகச் சொல்வது இதைத்தான். மிச்சமாவது கம்பெனியின் செலவும் ஏஜென்டின் நேரமும். பையனுக்கு அதில் லாபம் எதுவும் இல்லை.

போனபின் மாற்றிக்கொள்ளலாம் என்பதைப் பார்ப்போம். தொழில்நுட்பப் பெயருக்கு மாற வேண்டுமென்றால் கவுன்சில் பதிவு வேண்டும். பதிவுக்கு முத்திரை பதித்த டிப்ளமோ சான்றிதழும் அனுபவச் சான்றும் வேண்டும். அனுபவச் சான்று எந்தத் தொழிலில் இருக்கும்? இக்காமாவில், அதாவது குடியிருப்பு அனுமதி அட்டையில், இருக்கும் தொழிலில். ஐந்து வருடம் கண்ட்ரோல் பேனலில் வயரிங் பார்த்தவன் காகிதத்தில் ஐந்து வருடம் ‘தொழிலாளி’. அந்த ஐந்து வருடத்தை எந்தக் கவுன்சிலும் டெக்னீஷியன் அனுபவமாக எடுத்துக்கொள்ளாது. உள்ளே போவதற்காக மறைத்த படிப்பை, உள்ளே போனபின் எதைக் காட்டி அவன் மீட்டெடுப்பான்?

“பேரு எதுக்கு, சம்பளம் வந்தா போதாதா?” என்பார்கள். போதாது. சவூதி தொழிலாளர் சட்டத்தின் 38ஆவது பிரிவு, வெளிநாட்டவரை வேலை அனுமதியில் எழுதியிருக்கும் தொழில் தவிர வேறு தொழிலில் அமர்த்தக் கூடாது என்கிறது. முறைப்படி மாற்றாமல் அந்தத் தொழிலாளி வேறு தொழில் பார்ப்பதையும் அதே பிரிவு தடுக்கிறது. தன்னுடைய உண்மையான வேலையைச் செய்கிற ஒவ்வொரு நாளும் அவன் சட்டப்படி தவறு செய்தவனாக இருக்கிறான். சம்பளம் நிலுவையென்று தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனால் அங்கே பதிவாகியிருக்கும் ஒப்பந்தம்தான் பேசும். குடும்பத்தை அழைத்துத் தங்கவைக்கும் அனுமதிக்கும் இக்காமாவில் உள்ள தொழிலைப் பார்க்கிறார்கள். பத்து வருடம் பெண்டாட்டி பிள்ளையைப் பிரிந்திருப்பவனிடம் பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்க எனக்கு வாய் வராது.

பெயர் சரியாக இருந்தவர்களுக்கே என்ன நடந்தது என்பதைக் குவைத்தில் பார்த்தோம். 2018இல் பொறியாளர்களின் குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்க, குவைத் பொறியாளர் சங்கத்தின் ஒப்புதல் கட்டாயமானது. இந்தியப் பட்டமென்றால் தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற படிப்பாக இருக்க வேண்டும் என்றது சங்கம். அந்த வாரியம் தொடங்கியதே 1994இல்தான். கல்லூரி முழுவதற்கும் அது அங்கீகாரம் தருவதில்லை. ஒவ்வொரு படிப்புப் பிரிவுக்கும் தனித்தனியாக, குறிப்பிட்ட ஆண்டுகளுக்குத்தான் தருகிறது. வாரியம் பிறப்பதற்கு முன் படித்தவர் இல்லாத சான்றுக்கு எங்கே போவார்? பெயர் பெற்ற கல்லூரிகளில் படித்து, குவைத்திலேயே பல வருடம் பொறியாளராக இருந்த இந்தியர்கள், தமிழர்கள் உட்பட, வேறு தொழில் பெயருக்கு இறங்க வேண்டி வந்தது. திறமை இருந்தால் யாரும் அசைக்க முடியாது என்று இதற்குப் பிறகும் மேடையில் பேசுகிறவர்கள் அவர்களிடம் போய்ப் பேசட்டும்.

டிப்ளமோக்காரர் நிலைமை இன்னும் மோசம். 2014இல் இந்தியா முழு உறுப்பினரான வாஷிங்டன் ஒப்பந்தம் நான்காண்டுப் பொறியியல் பட்டத்துக்கானது. பத்தாம் வகுப்புக்குப்பின் மூன்று வருடம் படிக்கும் நம் பாலிடெக்னிக் டிப்ளமோவை அது தொடவே இல்லை. டெக்னீஷியன் படிப்புகளுக்கென்று டப்ளின் ஒப்பந்தம் 2002இலேயே வந்துவிட்டது. அதைப் பற்றி இங்கே பேசுகிறவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

சொந்த அரசும் இவர்களைக் கவனிப்பதில்லை. 1983ஆம் ஆண்டுக் குடியகல்வுச் சட்டத்தின்படி வளைகுடா உள்ளிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் எமிகிரேஷன் கிளியரன்ஸ் வாங்க வேண்டும். அப்போது ஒப்பந்தத்தை ஒரு அதிகாரியாவது பார்ப்பார். பத்தாம் வகுப்பு தேறியவருக்கு அந்தச் சோதனை கிடையாது. படித்தவர், தன்னைப் பார்த்துக்கொள்வார் என்பது எண்ணம். பாலிடெக்னிக் முடித்தவர் எல்லோரும் பத்தாம் வகுப்பு தேறியவர்கள். ஆக, கையில் இருக்கும் ஆஃபர் லெட்டரில் டெக்னீஷியன் என்றும் பாஸ்போர்ட்டோடு வரும் விசாவில் லேபர் என்றும் இருப்பதை விமான நிலையம் வரை ஒருவரும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. படித்தவன் என்பதாலேயே பாதுகாப்பு குறைகிற இந்த ஓட்டையை ஏஜென்ட்கள் நன்றாக அறிவார்கள்.

கடன் கழுத்தை நெரிக்கும்போது பையன் வேறு என்ன செய்வான் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கான பதிலை அவன் தலையில் கட்டக் கூடாது. விசாவின் தொழில் பெயரும் ஒப்பந்தத்தின் தொழில் பெயரும் பொருந்துகிறதா என்று பார்த்துச் சொல்ல அயலகத் தமிழர் நலத்துறை மாவட்டந்தோறும் ஓர் ஆளை உட்கார வைக்கலாம். பாலிடெக்னிக் வேலைவாய்ப்புப் பிரிவு கடைசி வருடத்திலேயே சான்றிதழ் முத்திரைக்கு வழிகாட்டலாம். பதிவு பெற்ற ஏஜென்ட் சட்டப்படி வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் என்று கல்லூரி வாசலில் எழுதிப் போடலாம். எதுவும் பெரிய செலவு பிடிக்கும் வேலை இல்லை.

அதுவரை, விசா நகலைக் கண்ணில் காட்டாமல் பாஸ்போர்ட்டைக் கேட்கும் ஏஜென்டிடம் “முதல்ல விசாவைக் காட்டுங்க” என்று ஒரு பையன் சொன்னால், வந்த வாய்ப்பைக் கெடுக்கிறான் என்று வீட்டில் அவனைத் திட்டாதீர்கள்.