‘டிஜிட்டல் சிப்பா? சத்தம் செத்துப்போகும்’ என்பவர்களுக்கு

மன்னாரில் கிற்றார் வாசிக்கிற பெடியள் பெட்டையளுக்குக் குறைவில்லை. கோயில் பாடகர் குழுவில் பழகினவை எங்களுக்குள்ளயே பலர் இருக்கினம். ஆனால் எலெக்ரிக் கிற்றாரைக் கையில எடுத்தவுடன ஒரு காத்திருப்புத் தொடங்குது. கனடாவில இருந்தோ பிரான்சில இருந்தோ மாமா வரேக்க ஒரு ‘ஒறிஜினல்’ டிஸ்ரோஷன் பெடல் கொண்டு வருவார். அதுவரைக்கும் வாசிக்கிறது ஒத்திகை மட்டும்தான். 2022இல் டொலர் 200 ரூபாயில இருந்து 360 வரைக்கும் ஏறினபிறகு கடையில வாங்குற கனவும் போச்சு. மாமாதான் மிச்சம்.

இந்தக் காத்திருப்பைத்தான் நாங்கள் எதிர்க்கிறம்.

திருவிழாவுக்கு ஓடி ஓடி எரியிற லைட் பெட்டியைத் திறந்தால் பெரும்பாலும் 4017 என்ற சிப் கிடக்கும். அதே 4000 வரிசையில்தான் 4069உம் 4049உம் வருகின்றன. பெடலின் விலையோட பார்த்தால் அது சில்லறைக் காசு. ஒவ்வொன்றுக்குள்ளும் ஆறு ‘நொட்’ படலைகள். இதை வைச்சு கிற்றாருக்கு ஃபஸ் செய்யலாம் எண்டு சொன்னால் உடனே பதில் வரும்: “அது டிஜிட்டல் சிப். எல்லாத்தையும் பூச்சியம், ஒன்று எண்டு வெட்டிப்போடும். சத்தம் செத்துப்போகும்.”

இப்பிடிச் சொல்லுறவையில உயர்தரத்தில் பௌதிகம் படிச்சவையும் இருக்கினம் என்பதுதான் எங்களுக்குக் கோவம். அந்தப் பாடத்தில் விரியலாக்கியும் இருக்கு, தருக்கப் படலையும் இருக்கு. இரண்டையும் வேற வேற அறையில பூட்டி வைச்சதுபோலப் படிச்சிட்டு வந்திருக்கிறம். உள்ளீடு 0 எண்டால் வெளியீடு 1. அட்டவணை கீறியாச்சு, புள்ளி எடுத்தாச்சு. 0க்கும் 1க்கும் நடுவில அந்தச் சிப் என்ன செய்யுது எண்டு ஆரும் கேட்கிறதில்லை.

சங்கதி அந்த நடுவிலதான் கிடக்கு. பஃபர் இல்லாத 4069இன் ஒரு படலைக்குள் வேலை செய்வது இரண்டு மொஸ்ஃபெற் திரான்சிற்றர்கள்தான். ஒன்று வெளியீட்டை மேலே இழுக்கும், மற்றது கீழே இழுக்கும். வெளியீட்டில் இருந்து உள்ளீட்டுக்கு 1 மெகா ஓம் தடையி ஒன்றைத் திருப்பிப் போட்டால், 9 வோல்ற் பற்றரியில் அது ஏறத்தாழ நாலரை வோல்ற்றில் போய் நிற்கும். பூச்சியமும் இல்லை, ஒன்றும் இல்லை. இரண்டு திரான்சிற்றரும் அரைவாசி திறந்த நிலை. இப்ப ஒரு கொள்ளளவியும் 100 கிலோ ஓம் தடையியும் வைச்சு, அதுவழியாகக் கிற்றாரின் சின்ன அலையை உள்ளே விடுங்கோ. பெருசாகி வரும். பின்னால இன்னொரு படலையைத் தொடுத்தால் அலையின் தலையும் காலும் முட்டத் தொடங்கும். சுவரில மோதுற மாதிரி முட்டாது, மெல்ல மெல்ல இறுகும். ‘வால்வு மாதிரி’ எண்டு ஆக்கள் உருகுறது இந்த வளைவைக் கேட்டுத்தான்.

இது எங்கட கண்டுபிடிப்பில்லை. கிரெய்க் அன்டர்டன் 1970களிலேயே 4049ஐ வைச்சு ‘ரியூப் சவுண்ட் ஃபஸ்’ என்ற சுற்றை வீட்டில் செய்து பார்க்கிற ஆக்களுக்காக வெளியிட்டார். எலெக்ரோ ஹார்மொனிக்ஸ் நிறுவனத்தின் ‘ஹொட் ரியூப்ஸ்’ பெடலுக்குப் பேரில வால்வு, வயித்துக்குள்ள 4049. 1990களில் வந்து பேரெடுத்த ‘றெட் லாமா’வும் அன்டர்டனின் சுற்றையே பின்பற்றியது. ஸ்வரத்தைக் கீழ் ஸ்தாயிக்கு இறக்குற பொஸ் ஓசி-2க்குள்ள ஃப்ளிப் ஃப்ளொப் சிப் இருக்கு. மாமா தூக்கிக்கொண்டு வரப்போற ஒறிஜினலுக்குள்ளயே நீங்கள் நக்கலடிச்ச சாமான் இருக்கக்கூடும்!

குறை இல்லையோ? இருக்கு. இரைச்சல் கொஞ்சம் கூட. 4049 பற்றரியையும் கெதியாக் குடிக்கும், அதால நாங்கள் 4069இல தொடங்கச் சொல்லுறம். சிப்பின் எண்ணுக்குப் பின்னால ‘யூபி’ என்ற எழுத்துகள் இருக்கா எண்டு பாருங்கோ. பஃபர் உள்ளதைப் போட்டால் இசைக்குப் பதிலாக் கீச்சிடும். 74இல தொடங்குற சிப்களில் பெரும்பாலானவை 5 வோல்ற்றுக்குச் செய்தவை, 9 வோல்ற் கொடுத்தால் செத்துப்போகும். பாவிக்காத படலைகளின் உள்ளீடுகளை வெறுமனே மிதக்க விடாமல் தரையோட இணைக்க வேணும். 4049 எண்டால் நேர்மின் போறது 16ஆம் காலுக்கு இல்லை, முதலாம் காலுக்கு. ஃப்ளிப் ஃப்ளொப் வைச்ச சுற்றுக்கு ஒரு நேரத்தில ஒரு ஸ்வரம்தான் தெரியும், கோர்ட் அடிச்சால் உளறும். (அந்த உளறலும் எங்களில சிலருக்குப் பிடிக்கும், அது வேற கதை.)

எங்கட ஊருக்கு மட்டுமான குறை உப்புக்காத்து. பலகையின் ஈயம் வைச்ச பக்கத்துக்கு நகப்பூச்சு பூசுங்கோ. சிப்பை நேரா ஒட்டாமல் சொக்கெற்றில் குத்துங்கோ, பழுதானால் கழற்றி மாத்தலாம்.

பௌதிகம் படிப்பிக்கிற ஆசிரியர்களிட்ட ஒரு வேண்டுகோள். படலைப் பாடம் முடியிற அன்று எல்ஈடியைக் கழற்றி வைச்சிட்டு, 40106 சிப் ஒன்றில் ஒரு தடையியையும் ஒரு கொள்ளளவியையும் பூட்டி, வெளியீட்டை ஒரு அம்ப்புக்குக் கொடுத்துப் பாருங்கோ. அது தானாகவே கத்தும். பின்வாங்கில நித்திரை கொள்ளுற பெடியனும் எழும்பி “சேர், இதைக் கிற்றாருக்குப் போடலாமோ?” எண்டு கேட்பான். ஓம் எண்டு சொல்லுங்கோ.