பெண் குழந்தைகளுக்கு லெமன் ஸ்பூன் மட்டும்தானா?

தெற்காசிய நாடுகளின் பெண்கள் கால்பந்துப் போட்டியைப் பற்றி நம் சங்க ஏட்டில் எழுத என்ன இருக்கிறது என்று அன்பர்கள் கேட்கலாம். கொல்கத்தாவில் வாழும் நமக்கு மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் சண்டை புதிதல்ல. மீன் வாசனையைப் போல அதுவும் பழகிவிட்டது. ஆனால் பெண்கள் ஆடும் கால்பந்து நம் வீட்டுப் பேச்சில் தலைகாட்டுவதே இல்லை. அது வர வேண்டும் என்பதே என் கட்சி.

முதலில் போட்டியின் கதையைச் சொல்லிவிடுகிறேன். தெற்காசியக் கால்பந்துக் கூட்டமைப்பு நடத்தும் இந்தப் போட்டி 2010-ஆம் ஆண்டு வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரில் தொடங்கியது. பிறகு கொழும்பு, இஸ்லாமாபாத், சிலிகுரி, நேபாளத்தின் விராட்நகர் என்று ஊர் ஊராகச் சென்றது. 2019 வரை நடந்த ஐந்திலும் கோப்பை இந்தியாவுக்கே. நேபாளத்தின் நிலைதான் பரிதாபம். 2024 வரை நடந்த ஏழு போட்டிகளில் ஆறு முறை இறுதி ஆட்டத்துக்கு வந்து, ஆறு முறையும் தோற்றது.

சிலிகுரி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 2017 ஜனவரி 4-ஆம் தேதி அங்குள்ள கஞ்சன்ஜங்கா அரங்கத்தில் இந்தியா 3-1 என்ற கணக்கில் வங்கதேசத்தை வென்றது. அன்று மூன்றாவது கோலை அடித்தவர் இந்துமதி கதிரேசன், நம் கடலூர்க்காரர். தமிழ்நாட்டுக் காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டராகவும் பணியாற்றியவர். நாம் வாழும் இதே மாநிலத்தில் ஒரு தமிழ்ப் பெண் நாட்டுக்காக கோல் அடித்திருக்கிறார். நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்குத் தெரிந்து அந்த மாதச் சங்கக் கூட்டத்தில் யாரும் அதைப் பேசவில்லை.

அவர் ஒருவர் மட்டுமல்ல. 2018 பிப்ரவரியில் தேசியப் பெண்கள் கால்பந்துப் போட்டியில் தமிழ்நாட்டு அணி, பல ஆண்டுகளாகக் கோலோச்சிய மணிப்பூரை வீழ்த்தி முதன்முறையாகப் பட்டம் பெற்றது. 2023-இல் மீண்டும் வென்றது. 2019-இல் இந்தியப் பெண்கள் லீக் கோப்பையை மதுரையின் சேது அணி தட்டிச் சென்றது. ஊரில் பெண்கள் இவ்வளவு தூரம் வந்திருக்க, ஊரை விட்டு வந்த நாம் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறோம்.

இனி வங்கதேசத்துக்கு வருகிறேன். 2022 செப்டம்பரில் காட்மாண்டுவில் நடந்த போட்டியில் அவர்கள் இந்தியாவை 3-0 என்று தோற்கடித்து, இறுதியில் நேபாளத்தையும் 3-1 என்று வென்றார்கள். டாக்காவில் திறந்த பேருந்தில் அந்தப் பெண்களை ஊர்வலமாக அழைத்துச் சென்றபோது தெருவெல்லாம் ஜனம். 2024-இல் மறுபடியும் அதே காட்மாண்டு, மறுபடியும் அவர்களுக்கே கோப்பை. இந்தியா இரண்டு முறையும் அரையிறுதியைத் தாண்டவில்லை.

இந்த வெற்றி ஒரே நாளில் வந்ததா? இல்லை. 2011 முதல் அந்நாட்டு அரசு தொடக்கப்பள்ளிச் சிறுமிகளுக்கென்றே நாடு தழுவிய கால்பந்துப் போட்டி நடத்தியது. மைமன்சிங் மாவட்டத்தில் கல்சிந்தூர் என்றொரு கிராமம். அந்த ஊர்ப் பள்ளிச் சிறுமிகள் அந்தப் போட்டியில் வென்று, பிறகு நாட்டு அணிக்கே ஆட்டக்காரர்களைத் தந்தார்கள். எதிர்ப்பு அங்கும் உண்டு. 2025 ஜனவரியில் ஜெய்ப்பூர்ஹாட்டில் நடக்கவிருந்த பெண்கள் ஆட்டம், மைதானத்து வேலியைச் சிலர் உடைத்ததால் நின்றுபோனது. இருந்தும் அந்தப் பெண்கள் ஆட்டத்தை விடவில்லை. அதே ஆண்டு ஆசியக் கோப்பைக்கு முதன்முறையாகத் தகுதி பெற்றார்கள்.

இந்தியாவும் அந்தக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. 2025 ஜூலையில் தாய்லாந்தை அதன் சொந்த மண்ணில் 2-1 என்று வென்றபோது இரண்டு கோல்களையும் அடித்தவர் சங்கீதா பாஸ்ஃபோர். அவருடைய ஊர் கல்யாணி. சியால்தாவில் லோக்கல் ரயில் ஏறினால் போய்விடலாம்.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? பையன் மாலையில் பாடா கிளப் மைதானத்துக்கு ஓடுகிறான். பெண்ணுக்குத் திங்கள் பாட்டு, புதன் பரதம், மற்ற நாள் டியூஷன். இவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் பெண்ணும் பாட்டுக் கற்றவள்தான். ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். நம் பையன்கள் வங்காளியைச் சரளமாகப் பேசக் கற்றது புத்தகத்திலா? மைதானத்தில்தான். பாடாவில் அவர்களுக்குப் பத்து நண்பர்கள் இருக்கிறார்கள். அதே வீட்டுப் பெண்ணுக்கோ பக்கத்துத் தெருவில் பெயர் சொல்லிக் கூப்பிட ஒருத்தி இல்லை. இருபது வருடம் வாழ்ந்த ஊரில் அவள் விருந்தாளியாகவே இருக்கிறாள். கோப்பையைவிட எனக்கு இதுதான் பெரிய கவலை.

இதைச் சொன்னால் மாமிகள் மூன்று பதில் வைத்திருக்கிறார்கள். பெண் வெயிலில் கறுத்துவிடுவாள், காலில் அடிபட்டால் நாளைக்குக் கல்யாணம் எப்படி, படிப்பு கெடும். பரதம் ஆடும் பெண்ணுக்கும் முட்டி வலிக்கத்தான் செய்கிறது. அதற்காக யாரும் சலங்கையைக் கழற்றச் சொல்வதில்லை. வாரத்தில் இரண்டு மணி நேரம் ஓடினால் கெடுகிற படிப்பு, பையனுக்கு மட்டும் கெடாமல் இருப்பது எப்படி? நிறத்தைப் பற்றி நான் பதில் சொல்லப்போவதில்லை.

நியாயமான கவலைகளும் உண்டு. உடை மாற்ற இடம் வேண்டும், கழிப்பறை வேண்டும், இருட்டுமுன் வீடு திரும்ப வேண்டும். இவை தீர்க்கக்கூடியவை. தாய்மார் இருவர் முறை வைத்து உடன் சென்றாலே பாதி தீரும்.

நம் சங்கத்தின் பொங்கல் விளையாட்டு விழாவில் பையன்களுக்கு கிரிக்கெட், ஓட்டப்பந்தயம். பெண்களுக்கு லெமன் ஸ்பூன், மியூசிகல் சேர், கோலப் போட்டி. ஆண்டுதோறும் இதே பட்டியல்தான். செயற்குழுவுக்கு என் வேண்டுகோள் சிறியது. அடுத்த பொங்கலுக்குப் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பெண்களுக்கு ஐவர் கால்பந்து ஒன்று சேருங்கள். பாதிக்குப் பத்து நிமிடம் போதும். இரண்டு பந்து, நான்கு கம்பம், ஒரு விசில் என்று செலவும் அதிகமில்லை. பாடாவின் வங்காளிப் பெண்களையும் அழையுங்கள். டிசம்பர் முழுவதும் ஞாயிறு காலையில் பயிற்சி வைத்தால் நான் உடன் வரத் தயார். பெயர் கொடுக்க விரும்பும் பெற்றோர் சங்க அலுவலகத்தில் கொடுக்கலாம். அப்பாக்களும் கொடுக்கலாம்.