சிக்கனமும் சித்திரமும்

சித்தேரி மலையினின்று வேலை தேடிக் கீழிறங்குவோருள் சித்திரக்கலை பயின்றாரும் இருப்பின், “கலையை விடுத்து வயிற்றைப் பார்” என்பதே உலகோர் அவர்க்குக் கூறும் உரை. யாம் அதற்கு உடன்படோம். 1949-ல் லண்டன் மாநகருக்குக் குடிபெயர்ந்த கோவா ஓவியர் சூசா, அயல்நாட்டில் ஆண்டுகள் பல வறுமையுற்றும் தூரிகையைக் கீழே வைத்தாரில்லை. 1955-ல் நிகழ்ந்த கண்காட்சி அவர் புகழை நிலைநாட்டிற்று. எனினும், அவ்வாண்டுகளில் இல்லத்தைத் தாங்கியது அவர்தம் மனைவியின் உழைப்பு என்பதை மறத்தலாகாது. ஆதலின் வறுமையையே கலைக்கு உரமெனப் புகழ்தல் பேதைமை. 1966-ல் சென்னையையடுத்துத் தோன்றிய சோழமண்டலக் கலைஞர் கிராமத்தார், பாத்திக் துணி முதலிய கைவினைகளை விற்றுத் தம் ஓவியத்தைக் காத்தனர். நேரிய வழி அஃதே. சிக்கனம் கலைஞன் கடன். அவன் கைவினையை விலைகொடுத்து வாங்குதல் நம் கடன்.