மாற்ற வேண்டிய பழக்கங்களும் மாற்றத் தேவையில்லாத பழக்கங்களும்



க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை நெருங்கும் காலத்தில் உங்களைச் சுற்றியுள்ள எல்லோரும் உங்கள் பழக்கங்களைப் பற்றியே கதைப்பார்கள். "விடிய நாலு மணிக்கு எழும்பிப் படி" என்பார் அம்மா. "சத்தம் போட்டுப் படிக்காதே" என்பார் அண்ணா. "கையெழுத்தைத் திருத்து" என்பார் ஆசிரியர். நீங்களும் ஒரு நாள் உற்சாகத்தோடு இருந்து, நாளை முதல் மாற்றப்போகும் பத்து விடயங்களைக் கொப்பியில் எழுதுவீர்கள். ஒரு கிழமை சென்றபின் பார்த்தால் அவற்றுள் ஒன்றுகூட நடைமுறையில் இராது. "என்னால் ஒன்றும் முடியாது" என்ற எண்ணம் மட்டும் மிஞ்சியிருக்கும்.

இதற்காக உங்களை நொந்துகொள்ள வேண்டாம். அந்தப் பட்டியலில் மாற்றத் தேவையில்லாதவை, மாற்ற இயலாதவை, உடனே மாற்ற வேண்டியவை மூன்றும் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்தறிவதே முதல் வேலை. அதற்கு மூன்று கேள்விகள் போதுமானவை.

1. இந்தப் பழக்கத்தால் நான் இழப்பது என்ன?

பிறர் கண்ணுக்கு அழகில்லை என்பதற்காக ஒரு பழக்கம் தீயதாகிவிடாது. சிலர் விறாந்தையில் நடந்தபடி படிப்பர். சிலர் வாய்விட்டுப் படிப்பர். இவற்றால் ஒரு புள்ளியும் குறையப்போவதில்லை. அதே அறையில் தங்கையும் படிக்கிறாள் என்றால் முற்றத்துக்குச் செல்லுங்கள். மாற்ற வேண்டியது இடத்தை மட்டுமே.

மறுபுறம், பார்ப்பதற்கு நல்லவையாகத் தோன்றும் சில பழக்கங்கள் உங்கள் நேரத்தை விழுங்குகின்றன. ஒரே குறிப்பைத் திரும்பத் திரும்ப வாசித்து, வர்ணப் பேனைகளால் கோடிடுவது அவற்றுள் ஒன்று. 2006 இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களிடையே செய்த ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்ப வாசித்தவர்களே ஐந்து நிமிடத்தின் பின் கூடுதலாக நினைவில் வைத்திருந்தனர். ஆனால் ஒரு கிழமையின் பின்னர், வாசித்ததை மறைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினர். உங்கள் பரீட்சை ஐந்து நிமிடத்தில் வருவதில்லை. ஆகவே, குறிப்பை மூடிவைத்து எழுதிப் பார்க்கும் பழக்கத்துக்கு மாறுவது பயனுள்ளது.

கணிதத்தில் படிமுறைகளை மனத்தால் செய்து விடையை மாத்திரம் எழுதுவதும் இவ்வாறானதே. கட்டமைப்பு வினாக்களில் படிமுறைகளுக்கும் புள்ளிகள் உண்டு. இறுதி விடை தவறினால் எழுதாத படிமுறைக்கு யாரும் புள்ளி தர முடியாது. இதைக் கட்டாயம் மாற்றுங்கள். கையெழுத்து அப்படியல்ல. பரீட்சகருக்கு விளங்கினால் போதும். முத்துப்போல் இருக்க வேண்டியதில்லை. 1 உம் 7 உம் ஒன்றுபோல் தெரிகின்றன என்றால் அந்த இரண்டையும் மாத்திரம் திருத்துங்கள்.

2. இது பழக்கமா, இயல்பா?

நூறு பேரில் ஏறத்தாழப் பத்துப் பேர் இடக்கைப் பழக்கமுள்ளவர்கள். இது கெட்ட பழக்கமுமல்ல, பிடிவாதமுமல்ல. பதினாறு வயதில் அதை மாற்ற முயல்வது பரீட்சையில் எழுதும் வேகத்தையே குறைக்கும். அதை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள்.

நித்திரை விடயம் சற்றுச் சிக்கலானது. கட்டிளமைப் பருவத்தில் நித்திரையைத் தூண்டும் மெலற்றோனின் என்ற ஓமோன் இரவில் பிந்தியே சுரக்கத் தொடங்குகிறது. ஆகவே உங்களுக்கு நேரத்துக்கு நித்திரை வராததற்குச் சோம்பல் காரணமல்ல. உங்கள் வயதினருக்கு 8 முதல் 10 மணித்தியால நித்திரை தேவை. பன்னிரண்டு மணிக்குப் படுத்து நாலு மணிக்கு எழும்புபவர் அதில் பாதியைத்தான் பெறுகிறார். அவர் படித்தது மனத்தில் நிற்பதும் கடினம். எனவே விடியற்காலைப் படிப்பு ஒத்துவராதவர் அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை, மாலையில் படிக்கலாம். ஆனால் பரீட்சை காலையில்தான் ஆரம்பமாகும். பிந்தி நித்திரை வருவது இயல்பு. படுக்கையில் கைத்தொலைபேசியுடன் மேலும் இரண்டு மணித்தியாலம் விழித்திருப்பது பழக்கம். முன்னதை ஏற்றுக்கொண்டு பின்னதை மாற்றுங்கள்.

3. பரீட்சைக்கு முன் இதற்குக் காலம் இருக்கிறதா?

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2010 இல் வெளியிட்ட ஆய்வில் 96 பேர் நாளாந்தம் செய்வதற்கு ஒவ்வொரு புதிய பழக்கத்தைத் தெரிவு செய்தனர். அது தானாக நடைபெறும் நிலையை அடைய எடுத்த காலத்தின் இடைய மதிப்பு 66 நாட்கள். ஆளுக்காள் அது 18 முதல் 254 நாட்கள் வரை வேறுபட்டது. இதிலிருந்து இரண்டு விடயங்களைக் கற்கலாம். பரீட்சைக்கு மூன்று மாதங்கள் இருந்தால் ஒன்றிரண்டு பழக்கங்களையே உறுதியாக மாற்ற முடியும், பத்தை அல்ல. அடுத்தது, ஒரு நாள் தவறியதால் முயற்சி பாழாகிவிடவில்லை என்பதையும் அதே ஆய்வு காட்டியது. ஆகவே தவறிய நாளின் மறுநாள் மீண்டும் தொடருங்கள்.

மாற்றத்தை நாளாந்தம் நடக்கும் ஒரு வேலையுடன் இணைத்துக்கொண்டால் இலகுவாகும். "இரவுச் சாப்பாடு முடிந்ததும் தொலைபேசியை அம்மாவிடம் கொடுப்பேன்" என்பது செய்யக்கூடிய தீர்மானம். "இனிமேல் தொலைபேசியைக் குறைப்பேன்" என்பது வெறும் ஆசை.

"தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்" என்று ஒரு பழமொழி சொல்கிறது. "மனமுண்டானால் இடமுண்டு" என்கிறது இன்னொன்று. இவற்றில் எது சரி என்று கேட்டால், எந்தப் பழக்கத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்பதே எமது பதில். எல்லாவற்றையும் மாற்றத் துடிப்பவரும், "நான் இப்படித்தான்" என்று எதையும் மாற்ற மறுப்பவரும் இந்தக் கேள்வியைக் கேட்காதவர்களே.

பயிற்சி: கொப்பியில் ஒரு பக்கத்தை மூன்று நிரல்களாகப் பிரித்து, "ஏற்றுக்கொள்பவை", "இப்போது மாற்றுபவை", "பரீட்சைக்குப் பின் பார்ப்பவை" எனத் தலைப்பிடுங்கள். நடு நிரலில் இரண்டுக்கு மேல் எழுதாதீர்கள். மூன்றாம் நிரலில் எழுதியவற்றுக்காகப் பரீட்சை முடியும்வரை உங்களை நீங்களே ஏசிக்கொள்ளவும் வேண்டாம்.